தண்ணித்தொட்டித் தெருவின் நாக்கு

தங்கபுஷ்பத்தின் மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் மத்தியானம், அவள் மருமகள் ஜெயக்கொடி ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வடிகட்டின அரிசிக் கஞ்சியை மெல்ல மெல்லக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், தண்ணித்தொட்டித் தெருவில் தொட்டியடியிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் இருந்த அத்தனை பேர் நாக்கிலும் அரிசிக் கஞ்சி ருசித்தது. சலூன் நாற்காலியில் முகத்தில் நுரையோடு சாய்ந்து கிடந்தவன் நாக்கில் ருசித்தது, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நாக்கில் ருசித்தது, பல் முளைக்காத பிள்ளை நாக்கிலும் பல்லெல்லாம் போன கிழவர் நாக்கிலும் ருசித்தது. உப்பு ஒரு கல் கூடப் போட்டிருக்கலாம் என்பதில் மட்டும் தெருவில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இருக்கவில்லை.

அதெப்படி நடக்கும் என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்கட்டும், ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றையும் கேட்டுவிட்டுக் கேட்கட்டும்: வாயை இறுக மூடிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு மூக்கு வழியாகச் சோறு போட்டே ஆகவேண்டும் என்று முடிவு செய்தது யார்? இரண்டில் எது பெரிய அதிசயம் என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

தங்கபுஷ்பத்துக்கு முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, பிறகு தெரு மறந்தது, பிறகு பெற்ற மகன் சந்தனகுமாரை யாரோ கேஸ் சிலிண்டர் போட வந்தவன் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தினாள், பிறகு பேச்சு ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்து நின்றது, கடைசியில் விழுங்குவது எப்படி என்பதும் மறந்துபோனது. அரை இட்லிக்கு ஒரு மணி நேரம் ஆனது. கொடுத்ததைக் கன்னத்துக்குள் அடக்கிவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு கட்டத்தில் கரண்டி வந்தாலே உதட்டைப் பூட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து நிதானமாகத்தான் சொன்னாள்.

"இந்த நோயோட கடைசியில உடம்பே சாப்பாடு வேண்டாம்னு ஒதுங்க ஆரம்பிக்கும்மா. குழாய் போட்டா ஆயுசு கூடும்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க வாயத் திறக்கிறப்போ, அவங்களுக்கு வேணுங்கிற அளவு, கையாலயே ஊட்டுங்க. ரெண்டு வாயோ மூணு வாயோ, அது போதும்."

ஜெயக்கொடிக்கு நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல முடிந்திருந்தால் இந்தக் கதையில் பாதிக்கு மேல் தேவையில்லை. அவள் மருமகள், அதுதான் விஷயம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடிச்சட்டியை வழித்து, தண்ணீர் விட்டு அலசி, அந்தக் குழம்பைத்தான் தங்கபுஷ்பம் அவளுக்கு ஊற்றினாள் என்பது தெருவுக்கே தெரியும். இப்போது மாமியாரின் தோள் எலும்பு துருத்தத் துருத்த, தெரு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. "கிழவி காத்தா கரையுதே, மருமக நல்லாத்தான் இருக்கா" என்று பைப்படியில் யாரோ சொன்னது அவள் காதுக்கு வந்துசேர்ந்தும்விட்டது. மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பகலெல்லாம் வெளியே. மகன் வீட்டில் இருக்கும்போது ஒரு தாய் மெலிந்தால் அது வயசு, மருமகள் வீட்டில் இருக்கும்போது மெலிந்தால் அது பட்டினி. "குழாயே போட்டுருங்க டாக்டர்" என்றாள் ஜெயக்கொடி. சந்தனகுமார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கஞ்சி ருசித்த அன்று சாயங்காலமே அடுத்த வீட்டுத் தையல்கார லூர்து, கழுத்தில் டேப்போடு வந்து நின்றாள்.

"ஏ ஜெயக்கொடி, ராத்திரிக்கும் கஞ்சிதானா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் மயினி?"

"நாக்கு சொல்லுதே. ரசத்தெளிவு கொஞ்சம் விடேன். எனக்கும் ரெண்டு நாளா தொண்டை கரகரங்குது."

ஜெயக்கொடி ரசம் வைத்தாள். மறுநாள் ஆட்டெலும்பு வாங்கிவரச் சொல்லி சூப்பு வைத்தாள், துணியில் வடிகட்டி, கைச்சூட்டுக்கு ஆற்றி, குழாயில் விட்டாள். அவள் நாக்கும் அந்தத் தெருவில்தானே இருந்தது. கொதி அடங்கின சட்டியின் முதல் கரண்டி, மேலே நெய்யும் மிளகும் மிதக்கிற முதல் கரண்டி, இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தன் பக்கம் திரும்பாத அந்த முதல் கரண்டி, மாமியாரின் மூக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து தன் நாக்கில் இறங்கியபோது, அது யாருக்கு ஊற்றினது என்று தெரிந்தே, ஜெயக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தெரு பழகிக்கொண்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள், அதிலும் ருசியாக இருந்துவிட்டால் பழக ஒரு வாரம் எதற்கு? தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தைத் தங்கபுஷ்பத்தின் நேரத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கினார்கள். பெண்கள் தூக்குவாளியில் கொண்டுபோன வெறும் நீச்சத்தண்ணிச் சோற்றை ஜெயக்கொடி சிரிஞ்சைத் தூக்கும் நேரம் பார்த்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டால் அது அயிரைமீன் குழம்புச் சோறாக இறங்கியது. மளிகைக்கடை அதிசயராஜ் அண்ணாச்சி சர்க்கரை வியாதியில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர். தன் கடையில் கருப்பட்டியைக் கட்டிக் கட்டி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறும் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர். முதன்முதலாகப் பால் பாயசம் விட்ட அன்று கல்லாவில் உட்கார்ந்தபடி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரத்தத்தில் ஏறாத இனிப்பு. அதன்பிறகு தெருவின் சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் சாயங்காலம் ஊட்டுகிற நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், பெருமாள் கோயில் புறப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி.

வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சமைத்து அனுப்பினார்கள். புரட்டாசி வந்தபோது கறி விடக்கூடாது என்று ஒரு சாராரும், மாதம் முழுக்க நாங்கள் ஏன் பருப்புத் தண்ணியை ருசிக்க வேண்டும் என்று இன்னொரு சாராரும் தொட்டியடியில் மோதிக்கொண்டார்கள். தவக்காலம் வந்தபோது லூர்து சர்ச்சில் போய்க் கேட்டதற்கு, கேளாமல் நாக்கில் விழுகிற ருசியால் ஒருசந்தி விரதம் முறியாது என்று சாமியார் தீர்த்துச் சொன்னார், ஆனால் இன்றைக்கு என்ன என்று விசாரிக்க மட்டும் கூடாதாம். குழாய் மாற்ற வருகிற பெல்சி சிஸ்டர் ஒருநாள் சிரிஞ்சை மோந்து பார்த்துவிட்டு ஜெயக்கொடியை முறைத்தாள்.

"மீன் குழம்பையா விட்டீங்க?"

"வடிகட்டித்தான் சிஸ்டர்."

"யாரு சாப்பிடுறதுக்கு?"

கேட்டுவிட்டு அவளே பேச்சை மாற்றிக்கொண்டாள். அவள் வீடும் ரேஷன் கடைக்கு இந்தப் பக்கம்தான்.

இதையெல்லாம் சுயநலம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கித் தள்ளிவிட முடிந்தால் நிம்மதியாக இருக்கும். முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வயிறார உண்டது அந்த மாதங்களில்தான், அண்ணாச்சி சிரித்தது அந்த மாதங்களில்தான். ஜெயக்கொடியும் நிமிர்ந்து நடந்தது அப்போதுதான். பைப்படியில் அவள் குடத்துக்கு வழிவிட்டார்கள். மாமியாரை இப்படித் தாங்குகிற மருமகளை எங்கே பார்த்திருக்கிறோம் என்றார்கள். தங்கபுஷ்பம் மட்டும் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு, காய்ந்து வெடித்த உதட்டோடு, நடுவில் கிடந்தாள்.

ஒருநாள் அடைப்பிரதமன் பாயசம் பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது தங்கபுஷ்பம் கையைத் தூக்கிக் குழாயோடு ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். தெரு முழுக்க ருசி பாதியில் அறுந்தது. சலூனிலிருந்தும் தறிக்கொட்டகையிலிருந்தும் ஓடிவந்தார்கள். "என்ன ஜெயக்கொடி, பாதியில நின்னுட்டு?" என்றுதான் முதலில் வந்தவர் கேட்டார். மூக்கோரம் ரத்தம் கசிந்து காது வரை ஓடியிருந்தது. அதன் ருசி மட்டும் யார் நாக்குக்கும் வரவில்லை.

அப்படி ஒருதரம் அல்ல. சிரிஞ்சை எடுத்தாலே அந்தக் கை எழுந்தது. மெல்ல எழுந்து, நடுங்கி, முகத்துக்கு முன்னால் வந்து அலைந்து, குழாயில் பட்டது. பிடுங்கத்தான் வருகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது; தெரிந்த விஷயத்தைத் திரும்பப் பார்க்கிறவர் யார்? சந்தனகுமாரின் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினார்கள்.

"கட்டினா தோல் உரிஞ்சிரும்" என்றாள் பெல்சி. "ஊத்துற வரைக்கும் யாராவது கையப் பிடிச்சிக்கிட்டு பக்கத்துல உக்காந்தா போதும்."

யார் உட்கார்வது? எல்லாருக்கும் அந்த நேரத்தில்தான் சாப்பாடு.

லூர்துதான் பஞ்சு மாதிரி இருந்த பிளானல் துணியில் இரண்டு பட்டை தைத்துக் கொண்டுவந்தாள். "வேட்டி உறுத்தும் ஜெயக்கொடி. இது மெத்துனு இருக்கும். ஓரத்துல பின்னல் வச்சிருக்கேன் பாரு, பாக்கவும் லட்சணமா இருக்கும்." அதைத் தெருவே பாராட்டியது. ஒரு கிழவியைக் கட்டுகிற துணியின் ஓரத்துக்குப் பின்னல் வைத்துத் தைத்ததை, அன்பு என்றே சொன்னார்கள். அன்பாகவும்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

வைகாசி வெயிலில் ஒருநாள் கரண்ட் போய்விட்டது. சந்தனகுமார் வண்டியிலிருந்து நுங்கு இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஜெயக்கொடி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டே, கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிட்டாள். நிமிர்ந்தபோது தங்கபுஷ்பம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையல்ல, நுங்கை. பூட்டியிருந்த உதடு திறந்திருந்தது.

ஜெயக்கொடி விசிறியைக் கீழே வைத்தாள். பிறகு விரல் நுனியில் ஒரு துணுக்கு எடுத்து அந்த நாக்கில் வைத்தாள். நாக்கு அதைச் சுருட்டியது, அண்ணத்தில் தேய்த்தது, நசுக்கியது. தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. முகத்தில் எங்கிருந்தோ ஒரு பழைய அலட்டல் வந்து, புருவத்தைத் தூக்கி, 'பரவாயில்லை, இளசுதான்' என்கிற மாதிரி நின்றது. இதே புருவம்தான் ஒருகாலத்தில் ஜெயக்கொடி வைத்த குழம்பை எல்லார் முன்னாலும் தள்ளிவைத்தது.

வழக்கப்படி அந்த ருசி தன் நாக்கில் இறங்குமென்று ஜெயக்கொடி காத்திருந்தாள். இறங்கவில்லை. எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து இன்னொரு துணுக்கு வைத்தாள். இறங்கவில்லை. வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"மயினி, நாக்குல எதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணுமில்லையே" என்றாள் லூர்து, மெஷினிலிருந்து தலை தூக்காமல். "இன்னும் நேரமாகலையே. இன்னிக்கு என்ன, யார் வீட்டு முறை?"

ஜெயக்கொடி உள்ளே வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாய் வழியாகப் போனது தங்கபுஷ்பத்துக்கே போய்விட்டது. அப்படியானால் குழாய் வழியாகப் போனதில், இத்தனை மாதத்துச் சூப்பிலும் பாயசத்திலும் மீன் குழம்பிலும், ஒரு துளிகூட அவளுக்கு இல்லை. வயிறு மட்டும் நிறைந்து, நாக்கு பட்டினி கிடந்திருக்கிறது. இது தனக்குத் தெரியாமல் போனதே என்றுகூட ஜெயக்கொடியால் வருத்தப்பட முடியவில்லை. என்றைக்காவது ஒரு விரல் தேனை அந்த நாக்கில் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எப்படி இருந்தது எப்படி இருந்தது என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்ட தெருவில், இது யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

மூக்கிலிருந்த பிளாஸ்திரியைத் தண்ணீர் தொட்டு நனைத்து உரித்தாள். பெல்சி செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்ததால் குழாயை மடித்துப் பிடித்து ஒரே சீராக வெளியே எடுத்தாள். பிறகு கைக்கட்டை அவிழ்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி, பின்னல் ஓரத்தின் பூவேலை அப்படியே தோலில் பதிந்திருந்தது.

சாயங்கால நேரம் வந்தது, ருசி வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு வாசல் நிறைந்துவிட்டது. சந்தனகுமாரும் ஸ்டாண்டிலிருந்து வந்துவிட்டான். குழாய் சுருண்டு கிடந்த முறத்தைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"ஊரு என்ன சொல்லும்னு நெனச்சியா?"

"இவ்வளவு நாளும் அத மட்டுந்தானே நெனச்சேன்."

அதிசயராஜ் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். குரலைத் தணித்துத்தான் பேசினார்.

"ஏம்மா ஜெயக்கொடி, எங்களுக்காகச் சொல்லலை தாயி. எங்க நாக்கு எக்கேடு கெட்டும் போகட்டும். அவுக உசிரு. பட்டினி போட்டுக் கொன்னுட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும் பாரு, அத உன்னால துடைக்க முடியாது."

"வரும் அண்ணாச்சி" என்றாள் ஜெயக்கொடி. "வாய் இருக்கு. வாய் வழியா எவ்வளவு கேக்காங்களோ அவ்வளவு குடுப்பேன். நம்பிக்கை இல்லேன்னா நீங்களே ஊட்டிப் பாருங்க."

கிண்ணத்தில் கருப்பட்டிப் பால் இருந்தது. அண்ணாச்சி கட்டிலோரம் உட்கார்ந்தார். ஒரு கரண்டி நீட்டினார். தங்கபுஷ்பம் வாயைத் திறந்து வாங்கி, நேரமெடுத்து விழுங்கினாள். இன்னொரு கரண்டி. அதையும் வாங்கினாள். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் தங்களையறியாமல் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. மூன்றாவது கரண்டியை அவர் எடுத்தபோது, அவிழ்த்து விடப்பட்டிருந்த அந்தக் கை எழுந்தது.

மெல்ல எழுந்து, நடுங்கி, முன்னால் வந்தது. பிடுங்குவதற்கு அங்கே குழாய் இல்லை. கை அலைந்து அலைந்து, கிண்ணத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஐந்து விரலையும் விரித்துக் கவிழ்ந்து நின்றது.

பந்தியில் உட்கார்ந்த எவருக்கும் அது தெரியும். இலைக்கு மேல் கையை விரித்தால் 'போதும்' என்று அர்த்தம். பேச்சு போன பிறகும், பேர் மறந்த பிறகும், பிள்ளை மறந்த பிறகும், எத்தனையோ பந்திகளில் குனிந்து குனிந்து அவள் உடம்பு கற்றுவைத்திருந்த அந்த ஒரு சொல் மட்டும் போகாமல் இருந்திருக்கிறது. சிரிஞ்சைக் கண்டபோதெல்லாம் அதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத்தான் பின்னல் வைத்துக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

ஆனால் நம் ஊர் உபசாரம் அந்தக் கையைக் கண்டு எப்போது நின்றிருக்கிறது? விரித்த விரல்களின் இடுக்கில் பாயசத்தை ஊற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்கு நகர்கிறவர்கள்தானே நாம். அண்ணாச்சியும் அப்படிப் பழகியவர். "இன்னும் ஒரே வாய் மயினி" என்று சொல்லிக்கொண்டே, யோசிக்காமல், கரண்டியைச் சாய்த்துவிட்டார். கருப்பட்டிப் பால் விரலிடுக்கில் விழுந்து, புறங்கையில் வழிந்து, மணிக்கட்டில் பதிந்திருந்த பூவேலைப் பள்ளங்களில் தேங்கி நின்றது. கை நகரவில்லை. விரிந்தபடியே இருந்தது.

ஜெயக்கொடி முந்தானையால் அந்த மணிக்கட்டைத் துடைத்தாள். துடைத்து முடித்து நிமிர்ந்தபோது வாசலில் பாதிப்பேர் இல்லை. மீதிப்பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் ஐப்பசி மழை வரைக்கும் இருந்தாள். சில நாள் நாலு வாய், சில நாள் ஒரு வாய், சில நாள் கை மட்டும். கை எழுந்தால் ஜெயக்கொடி கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவாள். தெருவில் அவரவர் சோறு அவரவர் ருசிக்குத் திரும்பியிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நீச்சத்தண்ணியை நீச்சத்தண்ணியாகவே குடித்தார்கள். பைப்படியில் யாரும் அவளைப் பட்டினி போட்டவள் என்று சொல்லவில்லை, வேறெதுவும் சொல்லவுமில்லை.

ஒரு விடியலில் தங்கபுஷ்பம் அடங்கினாள். பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தெருவே வந்து உட்கார்ந்தது. மத்தியானம் வெளியூரிலிருந்து அவள் தங்கை வந்து மேலே விழுந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் அந்த மெலிந்த தோளைத் தடவிப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு ஜெயக்கொடியைப் பார்த்தாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டா எங்க அக்கா?"

அது கேள்வி இல்லை என்பது பந்தலில் எல்லாருக்கும் தெரியும்.

"ஒரு வாய் இளநீர் வழுக்கை, சித்தி. அதுக்கு மேல போதும்னுட்டாங்க."

"போதும்னாளா? பேச்சு நின்னு வருசக்கணக்காச்சு. அவ எப்படி உங்கிட்ட போதும்னு சொன்னா?"

ஜெயக்கொடி எதைச் சொன்னாலும் அது மருமகள் சொன்னதாகத்தான் இருக்கும். பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. லூர்து எழுந்து நின்றாள். சுற்றிலும் பார்க்காமல், வலது கையை முன்னால் நீட்டி, வெறும் காற்றின்மேல் விரல்களை விரித்துக் கவிழ்த்தாள்.

"இப்படிச் சொன்னாங்க. நாங்க எல்லாரும் பாத்தோம்."

தங்கை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் மெல்ல அவள் முகத்தை விட்டு இறங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் சமாதானமான குரலில், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

"உடனே நிறுத்திட்டீங்கதானே?"

லூர்து நீட்டின கையை மடக்கத் தெரியாமல் நின்றாள்.